இருபத்தொன்றாவது மோட்டார்

கள்ளிமேட்டில் இருபத்தொரு கிணறு. இருபத்தொரு மோட்டார். இருபத்தொன்றும் மூன்று எச்.பி. எங்கள் ஆபீஸ் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. ஒரே அச்சாக இருபத்தொரு பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி இருக்கிறாள் என்றால்கூட நம்பிவிடுவேன். இதை நம்பச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் பாஸ்கல். மின்சார ஆபீஸில் ஓவர்சியர். சொந்த ஊர் சித்திரபுரம். மலையில் கரண்டு பிறக்கிற இடத்தில் வளர்ந்தவன். எழுபத்து நான்காம் வருஷம் பங்குனி மாதம் என்னைத் தூக்கி, கரண்டு செத்துப்போகிற இடத்தில் போட்டார்கள். வடகரப்பதியைத் தாண்டி, கோயமுத்தூர் ஜில்லா எல்லைக்கு இரண்டு மைல் முன்னால் இருக்கிறது கள்ளிமேடு. வந்த முதல் வாரமே, லைனின் கடைசி போஸ்ட்டில் வோல்ட் இல்லை என்று புகார்.

நான் கணக்குப் பார்க்காமல் எதையும் தொடமாட்டேன். ஒரு பெரிய தாளில் லைனை வரைந்தேன். தலைப்பில் டிரான்ஸ்பார்மர், தாங்கும் அளவு அறுபத்து மூன்று கே.வி.ஏ. அங்கிருந்து இருபத்திரண்டு போஸ்ட். எந்தப் போஸ்ட்டில் எந்தக் கிணறு, போஸ்ட்டுக்குப் போஸ்ட் எத்தனை தூரம், கம்பி என்ன தடிமன் எல்லாம் குறித்தேன். ஒரு எச்.பி.க்கு ஏறத்தாழ ஒரு கே.வி.ஏ. வேண்டும். இருபத்தொரு மூன்று, அறுபத்து மூன்று. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஆக டிரான்ஸ்பார்மர் தாராளம். நானூற்றுப் பதினைந்து வோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு போஸ்ட்டிலும் எவ்வளவு குறையும் என்று கழித்துக்கொண்டே போனால், கடைசியில் முந்நூற்று எழுபத்தைந்து நிற்க வேண்டும். சைக்கிளில் போய் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூறு.

மூன்று தடவை திரும்பப் போட்டேன். கணக்கு சரி. அப்படியென்றால் பதிவேடு பொய்.

அந்தக் கடைசிப் போஸ்ட் பழனாத்தாளுடையது. ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு மூன்று ஏக்கரைத் தனியாகக் கட்டி ஆளுகிறவள். நான் போன அன்று வாசலில் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் எரிந்துபோய், கம்பிச்சுருளை மாற்றிக் காயில் கட்டச் சித்தூருக்குப் போயிருந்தது. அந்தக் கோடையில் இரண்டாவது தடவை.

"ஏனுங்க சார், கடலைக்காட்டைப் பாத்தீங்ளா? பூவெடுத்து விழுது எறங்கற சமயம். இன்னி இருவது நாளைக்குள்ள ரெண்டு தண்ணி உடலீன்னா விழுது மண்ணுக்குள்ளயே போகாதுங்க. அப்பறம் மாட்டுக்குப் புடுங்கிப் போட வேண்டியதுதான்."

"உங்க மோட்டார் எத்தனை எச்.பி.ம்மா?"

"மூணுதானுங்க."

நான் அவளையே பார்த்தேன். உள்ளே போய் ஒரு பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மோட்டாரில் இருக்கும் பெயர்த் தகடு. காயில் கட்டக் கொடுக்கும்போது தொலைந்துவிடக் கூடாதென்று கழற்றி வைத்திருக்கிறாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன. நடுவில் 3 என்று பளிச்சென்று தெரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர். சாமிக்கு வைத்த தகட்டையும் அழுகிற பெண்ணையும் எப்படிச் சந்தேகப்படுவது? என் தாளில் கடைசிப் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் 3 என்று எழுதி, உறுதிக்கு ஒரு வட்டமும் போட்டேன். அந்த வட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அசிஸ்டென்ட் எஞ்சினியரிடம் போய் நின்றேன். ஸ்டோரில் நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று சும்மா இருக்கிறது என்றார். அதை இன்னொரு ஊரும் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கள்ளிமேட்டின் உண்மையான லோடைக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தால் கள்ளிமேட்டுக்கு, இல்லையென்றால் அவர்களுக்கு. உண்மையைச் சொல்கிறவர்களுக்கு அபராதம் கிடையாது, ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். ஆனால் கள்ளிமேட்டுக்காரர்களை அவர் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன். தூரத்தில் வரும்போதே லைன் முழுக்க மோட்டார் இரைச்சல். என் சைக்கிள் முதல் வரப்பில் ஏறியதும் முதல் மோட்டார் நின்றது. அடுத்தது நின்றது. அதற்கடுத்தது. நான் மிதிக்க மிதிக்க எனக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டு போயிற்று. பதினான்கு மோட்டார் கொட்டகையில் பூட்டு. சாவி எங்கே என்றால் புருஷன் கோயமுத்தூர் போயிருக்கிறான், மச்சான் கொண்டுபோய்விட்டான், கிணற்றில் விழுந்துவிட்டது. திறந்திருந்த சிலவற்றில் நான்கு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத மோட்டார். அதன் மேல் மூன்று எச்.பி. என்று தகடு. பழைய மோட்டாரின் தகட்டைக் கழற்றிப் புதிதில் அறைந்திருக்கிறார்கள். திருகாணிகூடப் பொருந்தவில்லை, ஒரு இடத்தில் தகட்டைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

"அபராதம் கிடையாதுன்னு சொல்லுதேன்ல. உண்மையைச் சொன்னா பெரிய டிரான்ஸ்பார்மர் வரும். நல்லாத் தண்ணி பாயும். உங்களுக்குத்தானே லாபம்?"

"மூணுதானுங்க" என்றார்கள்.

டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த காடு மாரப்பனுடையது. கள்ளிமேட்டின் பெரிய கை. பத்து எச்.பி. மாரப்பன் என்றால் வடகரப்பதி வரைக்கும் தெரியும். அவர் கொட்டகைக்குத் தேங்காய் அளவில் ஒரு பூட்டு. திறக்கச் சொன்னேன்.

"பதிவேட்டுல என்ன போட்டிருக்குதுங்க?"

"மூணு."

"அப்பறமென்னுங்க, அதேதான்" என்று மீசைக்குள் சிரித்தார். ஊர் பத்து என்கிறது, இவர் மூன்று என்கிறார், பூட்டைத் திறக்க மாட்டேன் என்கிறார். இதைவிட வெட்கங்கெட்ட பொய்யை நான் கேட்டதில்லை என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வேறு வழி பார்த்தேன். ஆபீஸ்காரன் கேட்டால்தானே மூன்று? டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "இந்த ஊர்லயே நல்லாத் தண்ணி எடுக்கிற கிணறு எதுண்ணே?" என்று கேட்டு வைத்தேன். தாள், பென்சில் எல்லாம் பையில். அவ்வளவுதான். ஒருவர் ஏழரை என்றார். அவர் ஏழரை என்றால் பக்கத்துக் காட்டுக்காரர் சும்மா இருப்பாரா, பத்து என்றார். மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குப் பத்துன்னு ஊருக்கே தெரியுமுங்க" என்றார். முந்தின நாள் என் முகத்துக்கு நேரே மூன்று என்ற அதே வாய். மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். அங்கில்லாத பழனாத்தாளுக்கு மூன்று போட்டு, மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று நான்கு எச்.பி.

அசிஸ்டென்ட் எஞ்சினியர் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை லோடு உண்மையில் இருந்தால் பழைய டிரான்ஸ்பார்மர் எப்போதோ வெடித்திருக்க வேண்டும், இது ஆபீஸா சந்தையா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆபீஸுக்கு என்றால் குறைத்துச் சொல்கிறான், ஊருக்கு என்றால் கூட்டிச் சொல்கிறான். இவர்களின் வாயில் உள்ளபடி ஒரு எண்ணும் வராதா? இதற்கிடையில் கடலை காய்ந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை சித்தூருக்கு பஸ் ஏறினேன். கள்ளிமேட்டு மோட்டார் எரிந்தால் எல்லாம் போவது சுவக்கீன் பட்டறைக்கு. எரிந்த மோட்டாரின் முன்னால் எவனும் பொய் சொல்ல முடியாது. எத்தனை சுற்று, என்ன கம்பி என்று எண்ணித்தான் காயில் கட்ட வேண்டும். சுவக்கீன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

நோட்டைக் கேட்டதும் மடியில் வைத்து மூடிக்கொண்டார்.

"அது முடியாதுங்க சார். பாவசங்கீர்த்தனம் மாதிரி, சாமியார் காதுல சொன்னது வெளிய போகாது. நீங்களும் கோயிலுக்குப் போறவருதானே?"

"பாவம் செஞ்சவன் பேரு எனக்கு வேண்டாம். பாவத்தை மட்டும் சொல்லுங்க."

நோட்டைத் திறந்தார். பிறகு பெயரை எல்லாம் விரலால் மறைத்துக்கொண்டு, எச்.பி.யை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தார். ஐந்து, ஐந்து, நாலு, ஏழரை, ஐந்து... ஒரே ஒரு பத்து. இருபது எண்ணோடு நிறுத்திவிட்டார்.

"இருபத்தொண்ணு இருக்கணுமே?"

"இருபதுதாங்க. இருபத்தொண்ணாவது மோட்டாரு இந்த எட்டு வருசத்துல என்கிட்ட வந்ததே இல்லை."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. எனக்குத்தான் காது இல்லை. யாரோ புதிதாக இணைப்பு வாங்கியவன் என்று நினைத்து, அதற்கு மூன்று போட்டுக் கூட்டினேன். நூற்றுப் பதினைந்து. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் நூறு கே.வி.ஏ. கச்சிதம்.

அன்று மாலையே தாளில் எண்களை இடத்தில் வைத்தேன். பத்து யாருக்கு? இதில் என்ன சந்தேகம், மாரப்பனுக்கு. வாயும் பெரிது, காடும் பெரிது, பூட்டும் பெரிது. அவர் டிரான்ஸ்பார்மருக்கு அடியிலேயே இருப்பதால் அந்தப் பத்து கடைசிப் போஸ்ட்டைப் பெரிதாகப் பாதிக்காது. ஏழரைகளையும் வசதியானவர்களுக்கு, அதாவது முன்பக்கத்துக் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன். மீதியை வரிசையாக வைத்துக்கொண்டு போய், கடைசியில் பழனாத்தாளுக்கு வட்டம் போட்ட மூன்று. புது டிரான்ஸ்பார்மரோடு கடைசியில் முந்நூற்று அறுபத்தெட்டு வந்தது. அழகான கணக்கு. வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிற்று.

அடுத்த வாரம் லாரியில் டிரான்ஸ்பார்மர் வந்தது. ஊரே கூடியது. தேங்காய் உடைத்தார்கள். ஏற்றி மாட்டி, இணைப்புக் கொடுத்து, மாரப்பன் காட்டில் மீட்டரை வைத்தேன். நானூற்றுப் பத்து. கை தட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, மறைப்பானேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைசிப் போஸ்ட்டுக்குப் போனேன்.

பழனாத்தாள் ஸ்டார்ட்டரை அமுக்கினாள். கிணற்றுக்குள், பட்டறையிலிருந்து திரும்பி வந்திருந்த மோட்டார் முனகியது. மீட்டரின் முள் இறங்கியது, இறங்கியது, முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. குழாய் வாயில் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்த தண்ணீர் வாய்க்காலை எட்டுவதற்குள் மண்ணே குடித்துவிட்டது.

அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "என்னுங்க சார், இதுக்காத் தேங்காய் ஒடச்சோம்?"

மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கினேன். பாதி ஆழத்தில் கல்மேடை. மேடையில் பனையோலை மூடி. ஓலையைத் தள்ளினேன். உள்ளே எருமைக் கிடாரி படுத்திருப்பதுபோல் ஒரு மோட்டார். அதன் முதுகில், சந்தனம் குங்குமத்தோடு, மூன்று எச்.பி. தகடு.

மேலே ஏறி வருவதற்குள் எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. சுவக்கீன் நோட்டில் ஒரே ஒரு பத்து. அது இங்கே இருக்கிறது.

"ஏம்மா, இது பத்து."

அவள் மறுக்கவில்லை. "மொதல்ல மூணுதானுங்க இருந்துச்சு. ஓல்ட்டு எறங்கிப் போயி இழுக்கலீங்க. அஞ்சு போட்டன். ரெண்டு வருசம் இழுத்துச்சு. அப்பறம் எல்லாரும் அஞ்சு போட்டாங்க, என்ர அஞ்சு இழுக்கல. நகையை வித்துப்போட்டுப் பத்து போட்டனுங்க. எருது பூட்டிக் கவலையில தண்ணி எறைக்கறப்ப, சின்ன எருது இழுக்கலீன்னா பெரிய எருதுதானுங்க பூட்டுவோம்? நா என்ன தப்புப் பண்ணிட்டன்?"

"எருது இல்லம்மா இது. இருபத்தொரு எருதுக்கும் ஒரே தொட்டி. தலைமாட்டுல இருந்து தின்னுக்கிட்டே வருது, மிச்சம் மீதிதான் உங்களுக்கு. அந்த மிச்சத்துக்கு முன்னால பெரிய எருதைக் கட்டினா வைக்கோல் கூடுமா? பசிதான் கூடும். வோல்ட் குறைஞ்சா அது ஆம்பியரை அள்ளி இழுக்கும். இழுக்க இழுக்க வோல்ட் இன்னும் இறங்கும். உங்க மோட்டாரை எரிச்சது உங்க மோட்டாருதான்." கத்திவிட்டேன். பிறகு கத்தியது அவளிடமா என்னிடமா என்று எனக்கே தெரியவில்லை. கரண்டு குறையக் குறைய மோட்டார் பெரிதாகும். ஆகவே லைனின் கடைசியில்தான் பெரிய மோட்டார் இருக்கும். வாயையும் பணத்தையும் பார்த்து எண்ணை வைத்தவன் நான். தாளில் எல்லாமே சரி, இடத்தைத் தவிர.

"அப்ப என்ர கடலை?" என்றாள். விழுது இறங்க எட்டு நாள்தான் மிச்சம்.

"நாளைக்கே இங்க ஒரு மூணு எச்.பி. வரணும். வந்தாத் தண்ணி வரும்."

"பத்து இழுக்காததை மூணு இழுக்குமுங்ளா?" அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. பைத்தியக்காரனிடம் பேசுகிற பொறுமைதான் இருந்தது.

எட்டு நாளில் புது மோட்டார் எங்கே கிடைக்கும்? ஆனால் ஊரில் ஒரு மூன்று இருக்க வேண்டும். சுவக்கீனிடம் எட்டு வருஷமாகப் போகாத இருபத்தொன்றாவது மோட்டார். எரியாத மோட்டார். நல்ல வோல்ட் வருகிற இடத்தில்தான் எரியாத மோட்டார் இருக்கும். நேராக மாரப்பன் காட்டுக்குப் போய் அந்தத் தேங்காய்ப் பூட்டின் முன்னால் நின்றேன்.

"திறங்க."

"பதிவேட்டுல..."

"பதிவேட்டுல மூணு. உள்ளேயும் மூணு. எனக்குத் தெரியும். திறங்க."

மாரப்பனின் மீசை தொங்கிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் திறந்தார். உள்ளே, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த சின்ன மோட்டார். தகடு சொந்தத் தகடு. திருகாணி நான்கும் இருந்தன. இந்த ஊரிலேயே ஆபீஸுக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் இவர்தான். அந்த உண்மை வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அவ்வளவு பெரிய பூட்டு.

பழனாத்தாளின் கடலையைச் சொல்லி ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டேன். அவரிடம் பழைய டீசல் என்ஜின் ஒன்று இருந்தது, சமாளித்துக்கொள்ளலாம். கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "குடுக்கறனுங்க. ஆனா இது என்ர மோட்டாருன்னு ஒரு குஞ்சுக்கும் தெரியப்படாது. ஊருக்குள்ள தல காட்ட முடியாது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை, மோட்டாரும் பம்பும் சாக்கு போர்த்தி வண்டியில் போயின. சாக்கு போர்த்திய வண்டி லைன் நெடுகப் போனால் கள்ளிமேட்டில் யார் வீட்டில் இருப்பார்கள்? பழனாத்தாள் கிணற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். என் லைன்மேன் பவுல்ராஜ் பத்தைக் கழற்றி ஓரமாகத் தள்ளி, மூன்றை மேடையில் இறக்கி, சாக்கை எடுக்காமலேயே குழாயைப் பூட்டினான். மாரப்பன் கூட்டத்துக்குப் பின்னால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

பழனாத்தாள் ஸ்டார்ட்டரை அமுக்கினாள். முள் முந்நூற்று நாற்பத்தெட்டில் நின்றது. குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு வாய் நிறையத் தண்ணீரைக் கொட்டியது. அவள் வாய்க்காலோடு நடந்து போய், காலால் மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் முதல் பாத்தியில் ஏறிக் கடலைச் செடிகளின் அடியில் பரவியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கள்ளிமேட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

திரும்பி வந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க சார், மூணுக்கே இப்பிடி இழுக்குதுன்னா, அஞ்சு போட்டா எப்பிடி இழுக்கும்?"

சுற்றி நின்ற தலைகள் எல்லாம் ஆடின. "அதானுங்க" என்றது ஒரு குரல். "அஞ்சு போட்ரலாம்" என்றது இன்னொன்று.

கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தொட்டிக் கதையை மறுபடியும் ஆரம்பிக்க என்னிடம் தெம்பு இல்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரப்பன் வந்தார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கிணற்றுக்குள் இறங்கி, ஓடுகிற மோட்டார் மேலிருந்து சாக்கை உருவி எறிந்தார்.

"பாத்துக்கங்க எல்லாரும். இது என்ர மோட்டாரு. எட்டு வருசமா மூணுதான். ஒருக்காக்கூட எரிஞ்சதில்ல. இன்னி எவனாச்சும் அஞ்சு, ஏழுன்னீங்கன்னா சும்மா உட மாட்டன்."

பழனாத்தாள்தான் வாயைத் திறந்தாள்.

"அப்ப ஊரெல்லாம் பத்துன்னு சொன்னது, மாரப்பண்ணா?"

"அது வாயிங்க, அம்மிணி" என்றார் மாரப்பன். "வாய்க்கு ஓல்ட்டு வேண்டியதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவரவர் காட்டுப்பக்கம் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நான் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தேன். பழனாத்தாள், மூன்று எச்.பி. மாரப்பன், மூன்று எச்.பி. இரண்டு வரியிலும் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இன்னும் பத்தொன்பது கொட்டகை இருந்தது. சைக்கிளை எடுத்து வரப்பில் ஏறினேன். பக்கத்துக் காட்டு மோட்டார் நின்றது.